எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு

அந்த நாற்காலி வேண்டாங்க, அது கால் ஆடும். இப்படி வந்து இந்தப் பெஞ்சுல உக்காருங்க. பிரின்ஸ்பால் போன்ல இருக்கார், அவர் போன் எடுத்தா அரை மணி நேரமாகும். நீங்க சிந்துஜாவோட அம்மாதானுங்களே? முகச்சாடை அப்படியே இருக்குது. நான் ஹாஸ்டல் வார்டன், பேரு மரகதம். உங்களுக்குப் போன் பண்ணினது நானில்லீங்க, அது ஆபீசுப் பொண்ணு. நானா இருந்தா அப்படி வெடுக்குனு "பொண்ணைக் கூட்டிட்டுப் போக வாங்க"ன்னு சொல்லியிருக்க மாட்டேன். ஊத்தங்கரையிலருந்து மூணு பஸ் மாறி வர்ற தாய்க்கு வழிபூரா மனசுல என்னென்ன ஓடியிருக்கும்னு எனக்குத் தெரியாதா.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலை. மேல ரூம்ல பொட்டி கட்டிட்டிருக்கா. ஆனா நடந்ததை நடந்தபடி உள்ள யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. அதனாலதான் நான் காலையிலருந்து இங்கயே உக்காந்திருக்கேன். நடுவுல எதுவும் கேக்காதீங்க, கேட்டா எனக்கு வரிசை தப்பிரும்.

நான் இங்க வர்றதுக்கு முன்னால கோழிப்பண்ணையில இருந்தேன். பதினோரு வருசம் முட்டை எடுத்து அடுக்கற வேலை. ஒரு ட்ரேக்கு முப்பது. பாத்தாலே போதும், ஒண்ணு குறைஞ்சா கண்ணு சொல்லிரும். அங்க தூசியில மூச்சு இழுப்பு வந்து விட்டுட்டு இங்க வந்தேன். இங்க முப்பத்தெட்டுப் புள்ளைங்க, ஒரு ட்ரேயும் எட்டும். ஆளுக்கொரு நம்பர். உங்க பொண்ணு முப்பத்தொண்ணு. காலையில எந்திரிச்சதும், மத்தியானம் சாப்பாட்டுக்கு, ராத்திரி படிப்பு முடிஞ்சதும், மூணு வேளை எண்ணிக்கை. நான் நம்பரைக் கூப்பிடுவேன், "எஸ் மேடம்"னு குரல் வரணும். நான் தலை நிமிரவே வேண்டியதில்லை, நோட்டுல டிக் போட்டுக்கிட்டே போவேன். ஆறு வருசத்துல என் எண்ணிக்கை ஒரு நாள் தப்புனதில்லீங்க. போன ஞாயித்துக்கிழமையும் தப்பலை. முப்பத்தெட்டுக் குரல் வந்துச்சு. இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்.

அன்னைக்கு மலைக்குப் போனது என் யோசனை இல்லை. டாக்டர் படிப்புப் பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரந்தான். இந்தப் பங்குனி வெயில்ல பதினாலு மணி நேரம் உக்காந்து படிச்சா புள்ளைங்க என்னத்துக்கு ஆகும்? படிக்கிற ஹால்ல ரெண்டு பேரு மயங்கி விழுந்துட்டாங்க. ஒருத்தி தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்து கேள்விக்கு விடை சொல்றா. அதைப் பாத்துட்டுக் கரஸ்பாண்டன்ட் சார்தான் சொன்னார், ஒரு நாள் கொல்லிமலைக்குக் கூட்டிட்டுப் போங்க, புத்தகம் தொடக் கூடாது, பூப் பாக்கட்டும், காத்து வாங்கட்டும்னு. நோட்டீசுக்கு நாலு போட்டோவும் எடுத்துட்டு வரச் சொன்னார். பாட்டனி மிஸ்ஸும் நானும் டிரைவர் பழனியப்பனும் கூடப் போனோம்.

எழுபது வளைவுலயும் பாதிப் பேரு வாந்தி. மேல போனதும் பூராப் பேருக்கும் தெளிஞ்சு போச்சு. ரோடு முடியற எடத்துல பஸ்ஸை நிறுத்திட்டு ஒரு மணி நேர நடைங்க. பத்து நாளைக்கு முன்னால ஒரு மழை பேஞ்சிருந்துச்சாம். காப்பித் தோட்டம் பூரா வெள்ளைப் பூ, சோத்தை வடிச்சுக் கொட்டுன மாதிரி. அதைத் தாண்டுனா ஒரு சரிவு. அங்க சிவப்பா வெட்சிப் பூ, கலர் கலரா உண்ணிப் பூ, காலுக்கடியில ஊதாவுல ஒரு பொடிப் பூ, அது பேரு பாட்டனி மிஸ்ஸுக்கே தெரியலை. எனக்குப் பூ மேல பெருசா ஆசை கிடையாதுங்க. ஆனா அந்தப் புள்ளைங்க சிரிச்ச சிரிப்பு இருக்குதே, ஒம்போது மாசத்துல இந்தக் கட்டடத்துக்குள்ள நான் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்ச நேரந்தான் அது. அப்புறம் ஒருத்தி ஒரு பூவைப் பறிச்சுப் பிச்சு, உள்ள இருக்கற மகரந்தக் காம்பை எண்ண ஆரம்பிச்சா. உடனே பத்துப் பேரு சேந்துக்கிட்டுச் செடியோட குடும்பப் பேரு சொல்றாங்க, ஃபேபேசி, மால்வேசின்னு. நான் ஒரு சத்தம் போட்டேன், இன்னைக்கு ஒருத்தியும் படிக்கக் கூடாதுன்னு.

எலுமிச்சம்பழச் சோறு, உருளைக்கிழங்கு. சாப்பிட்டு அங்கங்க செடிக்குள்ள உக்காந்திருந்தாங்க. ரெண்டு மணிக்குக் கிளம்பணும். நான் ஒரு பாறை மேல நின்னு நோட்டைப் பிரிச்சு எண்ணிக்கை எடுத்தேன். செடிக்குள்ளருந்து, மரத்துக்குப் பின்னாலருந்து, எஸ் மேடம், எஸ் மேடம்னு வந்துச்சு. முப்பத்தெட்டும் வந்துச்சு. எறங்கி பஸ்ஸுக்கு வந்தோம். பஸ்ஸுல ஏறினதும் மறுபடி ஒரு எண்ணிக்கை. முன்னால நின்னுக்கிட்டு நோட்டைப் பாத்துக் கூப்பிட்டேன். முப்பத்தெட்டு. டிரைவரைப் பாத்து, எடுங்கன்னுட்டேன். இதுக்கு மேல ஒரு வார்டன் என்ன பண்ண முடியும்? நீங்களே சொல்லுங்க.

பஸ்ஸு நகர்ந்து ஒரு வளைவு திரும்பியிருக்கும். பின்னாலருந்து ஒரு அலறல். உங்க பொண்ணுதாங்க. "நிறுத்துங்க, கௌசி இல்லை, கௌசி வரலை"ன்னு கத்தறா. எனக்கு ஒண்ணும் புரியலை. கௌசி யாருன்னு கேட்டேன். இருபத்தேழுன்னா. இருபத்தேழு இப்பத்தானே எஸ் மேடம் சொல்லுச்சுன்னேன். அதுக்கு அவ, "நான்தான் மேடம் சொன்னேன்"னா.

பாறைகிட்ட எண்ணுறப்ப அந்தப் புள்ளை எங்கயோ செடி மறைவுல ஒதுங்கியிருக்குன்னு நெனச்சு, நான் திட்டுவேனேன்னு இவ குரல் குடுத்திருக்கா. பஸ்ஸுல ஏறின பின்னாலயும், பின் சீட்டுல இருப்பான்னு நெனச்சு மறுபடி குடுத்திருக்கா. மெலிசா ஒரு குரல் இருபத்தேழுக்கு, தன் குரல் முப்பத்தொண்ணுக்கு. திரும்பிப் பாத்தா பின் சீட்டுல அவ பை மட்டும் இருக்கு.

எண்ணிக்கையில இப்படி ஒருத்திக்கு இன்னொருத்தி சொல்றது எல்லா ஹாஸ்டல்லயும் உள்ளதுதாங்க. காய்ச்சல்ல ஒரு புள்ளை எந்திரிக்க முடியாமக் கிடக்கும், பக்கத்துப் பெட்டுப் புள்ளை சேத்துச் சொல்லிரும். ஆனா அது எனக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான் ஆபீசுல எழுதிக் குடுத்திருக்கேன். சரி, அதை விடுங்க, வரிசையாச் சொல்றேன்.

அப்ப மணி மூணே கால். பஸ்ஸு நிக்கறதுக்குள்ள நான் படியில எறங்கிட்டேன். ஏன்னா எனக்கு ஒரு விசயம் தெரியும். வெள்ளிக்கிழமை மாடல் டெஸ்ட் மார்க் போட்டிருந்தாங்க. இருபத்தேழுக்கு நானூத்தி எம்பதுலருந்து முந்நூத்திப் பத்துக்கு இறங்கிருச்சு. சனிக்கிழமை வீட்டுக்குப் பேசற நாள். என் முன்னாலதான் பேசணும், ஸ்பீக்கர் போட்டு, மூணு நிமிசம். அவ மார்க்கைச் சொன்னா. அவங்கப்பா திட்டலீங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. "சரிம்மா"ன்னார். அவ்வளவுதான், வெச்சுட்டார். அவ போனைக் கையில வெச்சுக்கிட்டு மிச்சம் ரெண்டு நிமிசமும் அப்படியே நின்னா. அடுத்த நம்பர் வாங்கன்னு நான் கூப்பிட்டுட்டேன். வரிசை நீளமா நின்னுச்சே, நான் என்ன பண்ணட்டும்.

பேப்பர்ல என்னென்ன போடறாங்கன்னு உங்களுக்கும் தெரியும். நான் அதை வாயால சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பாதை பூரா எனக்கு அது ஒண்ணுதான் ஓடுச்சு. அந்தச் சரிவுக்குக் கீழ பள்ளம். பத்துப் பனை ஆழம் இருக்கும். காலையில நான்தான் எல்லாரையும் அங்க நிக்க வெச்சுப் போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோவுல அவ சிரிச்சாளா இல்லையான்னு நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், எனக்கு அவ முகமே வரலைங்க.

மிஸ்ஸைப் புள்ளைங்களோட பஸ்ஸுல விட்டுட்டு நானும் டிரைவரும் ஓடினோம். உங்க பொண்ணு பின்னாலயே வர்றா. வராதேன்னு அதட்டினேன். கேக்கலை. செருப்பு ஒண்ணு அறுந்து போச்சு அவளுக்கு, அதையும் வீசிட்டு வெறுங்காலோட வந்தா. போனுக்கு டவர் கிடையாது. வழியில காப்பித் தோட்டத்து ஆளு ஒருத்தர், அவரும் கூட வந்தார். சாயங்காலம் ஆனா அந்தப் பக்கம் கரடி எறங்கும்னார். பொழுது சாயறதுக்குள்ள பாத்தாகணும்னார்.

நான் கத்திக்கிட்டே போறேன். "இருபத்தேழூ, இருபத்தேழூ"ன்னு. மலையில அது திரும்பித் திரும்பி வருது. அந்தத் தோட்டத்து ஆளு நின்னு என்னைப் பாத்தார். "ஏம்மா நம்பரைக் கூப்பிடறீங்க? அந்தப் புள்ளைக்குப் பேரு இல்லீங்களா?"ன்னார். எனக்கு வந்துச்சே கோவம். கரடின்னு சொல்லிப் பயமுறுத்திட்டு இப்பப் பேரு கேக்கறாராம். முப்பத்தெட்டுப் பேரு, வருசா வருசம் வேற வேற முப்பத்தெட்டுப் பேரு, பேரெல்லாம் ஒருத்தியால மனசுல வெச்சுக்க முடியுங்களா? பேரு ரிஜிஸ்டர்ல இருக்குது. ரிஜிஸ்டர் ஆபீசுல இருக்குது. கொஞ்சம் முன்னாலதான் பஸ்ஸுல உங்க பொண்ணு சொன்னா, கௌசின்னு. பயத்துல அதுவும் எனக்கு வாயில வரலைங்க. நம்பர்தான் வந்துச்சு.

சாப்பிட்ட எடத்துக்கு வந்தோம். இலையும் தண்ணி பாட்டிலும் கிடக்குது. ஆளில்லை. பள்ளத்து ஓரத்துக்குப் போய் எட்டிப் பாக்கணும். டிரைவர் போனார். நான் போகலைங்க. ஒரு மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். நீங்களும் பொம்பளை, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நின்ன எடத்துலயே சேலையிலயே போயிட்டேன். நாப்பத்தெட்டு வயசுல. எனக்கு ரெண்டு புள்ளை பொறந்தப்பக்கூட அப்படிப் பயந்ததில்லை. டிரைவர் குனிஞ்சு பாத்துட்டு ஒண்ணும் தெரியலைன்னார். தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமா, ஆழமா இருக்குதுன்னு அர்த்தமா?

நான் திரும்பவும் நம்பரைக் கத்தினேன். ஒண்ணுமில்லை. ஒரு குருவி கத்துது, அவ்வளவுதான். மணி அஞ்சாகப் போகுது. அந்தத் தோட்டத்து ஆளு ஊருக்குள்ள போய் நாலு பேரைக் கூட்டிட்டு வரேன்னு கிளம்பிட்டார். அப்ப உங்க பொண்ணு என்னைத் தாண்டி முன்னால போனா. இந்தச் செடிக்குள்ள நடந்துக்கிட்டே, பெருசாக்கூடக் கத்தலைங்க, பக்கத்து ரூம்ல இருக்கறவளைக் கூப்பிடற மாதிரி, "கௌசி, ஏய் கௌசிகா"ன்னா.

"இங்கதான் இருக்கேன்"னு ஒரு குரல். ரொம்பச் சாதாரணமா.

முப்பது அடி இருக்கும் எங்களுக்கும் அவளுக்கும். உண்ணிச் செடிப் புதருக்கு அந்தப் பக்கம், சரிவு முடியற எடத்துல ஒரு சின்ன மேடு. அந்த ஊதாப் பூவுக்கு நடுவுல செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு உக்காந்திருக்கா. காலை நீட்டினா பள்ளம். நாங்க பதறிக் கிட்டப் போறோம், அவ எந்திரிச்சு நின்னு மடியில இருந்த பூவை உதறினா. நான் அவ கையைப் பிடிச்சு இழுத்து இந்தப் பக்கம் தள்ளினேன். ஒரு அறை விட்டேன். அப்புறம் நானே உக்காந்துட்டேன். உங்க பொண்ணும் அவளும் கட்டிக்கிட்டு நிக்கறாங்க. அழுதது உங்க பொண்ணுதான். அந்தப் புள்ளை அழலை.

என்னடி பண்ணிட்டிருந்தே இங்கன்னு கேட்டேன். "சும்மா உக்காந்திருந்தேன் மேடம். எதையும் படிக்காம எவ்வளவு நேரம் இருக்க முடியும்னு பாத்தேன்"னா. வேற எதுக்காச்சும் வந்தியான்னு கேட்டேன். அதுக்கு அவ உடனே இல்லைன்னு சொல்லியிருக்கலாமுங்க. "தெரியலை மேடம்"னா. நான் அதோட விட்டுட்டேன். அதுக்கு மேல கேக்க எனக்குத் தைரியம் வரலை.

ஆனா இன்னொண்ணு கேட்டேன். நான் ஒரு மணி நேரமா தொண்டை கிழியக் கத்தினேனே, காதுல விழலையான்னு. விழுந்துச்சுன்னா. பாறை மேல நின்னு எண்ணினீங்களே, அதுவும் விழுந்துச்சுன்னா. அப்புறம் ஏன் குரல் குடுக்கலைன்னேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்குதே. "நம்பர்தானே மேடம், யாராச்சும் சொல்லிருவாங்கன்னு இருந்துட்டேன். அதே மாதிரி யாரோ சொன்னாங்களே"ன்னா.

அன்னையிலருந்து எனக்குச் சரியில்லைங்க. எண்ணிக்கை எடுக்கறப்ப குரல் வருது, எஸ் மேடம், எஸ் மேடம்னு. ஒவ்வொண்ணுக்கும் நான் தலை நிமிர்ந்து பாக்கறேன். ஒரு நம்பருக்கு அரை நிமிசம் ஆகுது. புள்ளைங்க என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க.

இங்க என்ன நடந்துச்சுன்னா, அந்தப் புள்ளையோட அப்பாவுக்கு ஒண்ணும் சொல்லலை. சொல்லக் கூடாதுன்னு ஆபீசு. கால் வழுக்கிப் பின்தங்கிட்டான்னு வெச்சுக்கிட்டாங்க. அவளை நாலு நாளா எப்பவும் போல ஹால்ல உக்கார வெச்சிருக்காங்க. ஆனா பஸ்ஸுல முப்பத்தேழு புள்ளைங்க பாத்திருக்குதே, வெளிய பேச்சு வராம இருக்குமா? யார் மேலயாச்சும் பழியைப் போட்டாகணும். பொய்க் குரல் குடுத்தது சிந்துஜா. ஒழுங்கு நடவடிக்கை. பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கறப்ப வீட்டுக்கு அனுப்பறாங்க. அவ கத்தலைன்னா பஸ்ஸு எழுபது வளைவும் எறங்கி இங்க வந்து சேந்திருக்கும். ராத்திரி எண்ணிக்கைக்கும் ஒரு குரல் வந்திருக்கும். நான் டிக் போட்டுட்டுப் படுத்திருப்பேன். இதை உள்ள யாரும் சொல்ல மாட்டாங்க.

நீங்க அழாதீங்க. அழுதா எனக்கும் வந்துரும். இருங்க, மிச்சத்தையும் சொல்லிடறேன், அப்புறம் சொல்ல முடியாது.

எனக்குத் தெரியுமுங்க. ஒருத்திக்கு இன்னொருத்தி குரல் குடுக்கறது எனக்கு முன்னாலருந்தே தெரியும். ஆறு வருசமாத் தெரியும். காலையில கூப்பிடறப்ப பாதிப் பேரு தலையணையில முகத்தை வெச்சுக்கிட்டுக் கிடப்பாங்க. ராத்திரி பன்னண்டு மணிக்குப் படுத்த புள்ளைங்க, பாவம், இன்னும் பத்து நிமிசம் தூங்கட்டும்னு காதுல விழாத மாதிரி டிக் போட்டுருவேன். ஒண்ணு குறைஞ்சுதுன்னா நான் ஆபீசுக்கு எழுதணும், ஆபீசு வீட்டுக்குப் போன் பண்ணணும், எதுக்கு அந்தத் தொல்லைன்னும் நெனச்சிருக்கேன். ரெண்டும்தான். அன்னைக்குப் பாறைகிட்ட இருபத்தேழுக்கு வந்த குரல் முப்பத்தொண்ணோடதுன்னு எனக்கு அப்பவே தெரியும். பேருதான் எனக்குத் தெரியாது, குரலு தெரியுமுங்க. பஸ்ஸுலயும் தெரியும். அந்தப் புள்ளை பின்னால எங்கயாச்சும் தூங்கிட்டிருக்கும்னு நெனச்சேன். எடுங்கன்னுட்டேன்.

ஆபீசுல எழுதித் தரச் சொன்னப்ப, இப்படி ஒரு பழக்கம் இருக்கறது எனக்குத் தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். இந்த வேலை போச்சுன்னா திரும்பப் பண்ணைக்குத்தான் போகணும். அந்தத் தூசியில எனக்கு ஒரு வருசம் தாங்காது. அதை நெனச்சுத்தான் எழுதினேன். உங்க பொண்ணுகிட்டக்கூட இன்னும் போய்ப் பேசலை. ரெண்டு தடவை மாடிப்படி வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன்.

கதவு தொறக்குது பாருங்க. உங்களைத்தான் கூப்பிடறாங்க. கண்ணைத் துடைச்சுக்கங்க. உள்ள மேசை மேல என் கையெழுத்துல ஒரு தாள் இருக்கும், அதைக் காட்டித்தான் பேசுவாங்க. நானும் உங்ககூட வரணும். வரணும்னுதான் காலையிலருந்து உக்காந்திருக்கேன். எந்திரிக்க முடியலைங்க. நீங்க போங்க. போய், வார்டனுக்கு முன்னாலயே எல்லாம் தெரியும்னு சொல்லுங்க. யாரு சொன்னாங்கன்னு கேட்டா மரகதமே சொன்னான்னு சொல்லுங்க. என் வாயால அங்க வராதுங்க. எனக்காக நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க.